பாளையத்தில் ஒரு பத்து நிமிட நடை

நேயர்களுக்கு வணக்கம்.

திருவனந்தபுரத்துப் பாளையத்தைத் தெரியாத குமரி மாவட்டத்துக்காரர்கள் குறைவு. 1956 வரைக்கும் நமக்கும் அதுதானே தலைநகரம்! மாநகராட்சி அலுவலகமும் அந்தப் பக்கம்தான், கேரள சட்டசபையும் அந்தப் பக்கம்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒருவருக்கு நாலு வருஷம் ஆனது. அவர் பெயர் வி.கே. பிரசாந்த். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். கட்சிக்காகப் பேச நான் வரவில்லை. ஊர் வேலை பார்த்த ஒருவரை ஊர் எப்படி மனசில் வைத்துக்கொண்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2015 நவம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சித் தேர்தல் முடிந்தபோது, நூறு வார்டுகளில் எந்த அணிக்கும் 51 கிடைக்கவில்லை. முந்தைய மாமன்றத்தில் ஆறே இடம் வைத்திருந்த பாரதிய ஜனதா 35 இடத்துக்கு வந்திருந்தது. அதிக இடம் பிடித்த இடதுசாரி அணி, கழக்கூட்டம் வார்டில் ஜெயித்த 34 வயது வக்கீல் பிரசாந்தை மேயர் ஆக்கியது. பெரும்பான்மை இல்லாத மேயர் என்றால் பாடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண்ணிக்கை பார்க்க வேண்டும். 2017இல் மாமன்றத்துக்குள் நடந்த தள்ளுமுள்ளில் அவர் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அளவுக்குப் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் அங்கே மேயர் என்பவர் ரிப்பன் வெட்டுகிறவர் மட்டும் இல்லை. கையில் காசும் உண்டு, வேலையும் உண்டு. அப்புறம் குப்பை அள்ளவில்லை என்றால் திட்டும் உண்டு.

2019 ஆகஸ்டில் வடக்கே பேய்மழை. மலப்புறத்தில் கவளப்பாறை, வயநாட்டில் புத்துமலை, இரண்டு இடத்திலும் ஒரே நாளில் மலை சரிந்து ஆட்களை மூடியது. முந்தின வருஷ வெள்ளத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்களே அந்தத் தடவை கொஞ்சம் தயங்கினார்கள். அந்த நேரத்தில் திருவனந்தபுரம் மாநகராட்சி நிவாரணப் பொருள் சேகரிக்க ஆரம்பித்தது.

என் அக்கா குடியிருப்பது சாஸ்தமங்கலத்தில். அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன். அக்கா நாலு நைட்டி, இரண்டு கைலி, குளியல் சோப்பு, ஒரு கட்டு நாப்கின், இரண்டு விளக்குமாறு எல்லாம் கடையில் வாங்கி வந்தாள். பீரோவில் இருக்கும் துணியைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். "பழசு வேண்டாம்னு சொல்லியிருக்கு. எல்லாம் போன ஆளுக்கு நம்ம கிழிசல் எதுக்கு?" என்றாள். விளக்குமாறு எதற்கு என்றால், வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் வேலையே சேறு தள்ளுவதுதானாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். காலேஜ் பிள்ளைகள் வரிசையாக நின்று பெட்டிகளைக் கை மாற்றிக் கை மாற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டியின் நாலு பக்கமும் உள்ளே என்ன இருக்கிறது என்று மார்க்கரால் எழுதியிருந்தது. ஒரு பெட்டி நிரம்பினால் அடுத்தது தயாராக இருந்தது. லாரி மேல் லாரியாக வடக்கே போனது. பிள்ளைகள் பிரசாந்தை 'மேயர் ப்ரோ' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். அந்தப் பெயர் கேரளம் முழுக்கப் பரவியது.

இரண்டே மாதத்தில் வட்டியூர்க்காவு இடைத்தேர்தல். அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த காங்கிரசின் கே. முரளீதரன் வடகரை எம்.பி. ஆகிவிட்டதால் வந்த தேர்தல். மேயரை வேட்பாளராக நிறுத்தினார்கள். துணிச்சலான முடிவுதான். 2016இல் அந்தத் தொகுதியில் இடதுசாரிகள் மூன்றாம் இடம். அவருடைய கழக்கூட்டம் வார்டோ வேறு தொகுதியில் இருக்கிறது. செல்வாக்குள்ள நாயர் சமுதாய அமைப்பு காங்கிரஸ் வேட்பாளருக்காக வெளிப்படையாகவே வேலை பார்த்தது. ஆனால் வட்டியூர்க்காவு முழுக்க முழுக்க மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற தொகுதி. அங்கே வாக்குச் சாவடிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாலு வருஷமாக அவர்தான் மேயர்.

அக்டோபர் 24ஆம் தேதி எண்ணினார்கள். பிரசாந்துக்கு 54,830 வாக்கு. வித்தியாசம் 14,465. மூன்றாம் இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் முதல் இடம்! ஆளுங்கட்சி என்ற பலமும் இருந்திருக்கும், எதிரணி வாக்குகள் பிரிந்ததும் உண்டு. ஆனால் ஜாதி பார்த்து, கட்சி பார்த்துப் போடுகிற வாக்கில் ஒரு பகுதியையாவது அந்த லாரிகள் திருப்பிவிட்டன என்றுதான் நான் நினைக்கிறேன். 2021 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் வித்தியாசம் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது.

முடிவு வந்த அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குரலில் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் இருந்தது. "ஜெயிச்சது சரி தம்பி, இனி தெரு லைட்டு எரியலேன்னா யாருட்ட சொல்லணும்?" என்று கேட்டாள். சமையல்கட்டுக் காலண்டரில் மேயர் ஆபீஸ் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறவள் அவள். கவுன்சிலர் பதவி, மேயர் பதவி இரண்டையும் அவர் விட்டுவிட்டுத்தான் சட்டசபைக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். நவம்பரில் மாமன்றம் கூடி வேறொரு மேயரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த தடவை நான் போனபோது காலண்டரைப் பார்த்தேன். பழைய நம்பரை அக்கா அடிக்கவில்லை. பக்கத்திலேயே 'எம்.எல்.ஏ. ஆபீஸ்' என்று இன்னொரு நம்பரைச் சேர்த்திருந்தாள்.

வணக்கம்.