கோல்ட்ரேன் மேடை ஏறிய இரவுகள்

நேயர்களுக்கு வணக்கம்ங்க.

சாக்ஸபோன் என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் கத்ரி கோபால்நாத், அடுத்தது கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு செட். கத்ரி 2019 அக்டோபரில் நம்மை விட்டுப் போனார். அவர் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் கொங்குச் சீமையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அவரைப் பற்றிப் பேச உங்களில் பலருக்கு என்னைவிடத் தகுதி உண்டு. நான் இன்றைக்குப் பேச வந்தது ஜான் கோல்ட்ரேனைப் பற்றி. அதே வாத்தியத்தை அமெரிக்காவில் வாசித்து, 1967 ஜூலையில் கல்லீரல் புற்றுநோயால் 40 வயதிலேயே இறந்துபோன ஜாஸ் கலைஞர். ஸ்டுடியோவில் உட்கார்ந்து அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளும் அருமைதான், ஆனால் ரசிகர்கள் உயிரை விடுவது மேடையில் அவர் வாசித்ததற்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1926-இல் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸ் என்ற ட்ரம்பெட் கலைஞரின் குழுவில் பெயர் வாங்கினார். ஹெராயின் பழக்கத்தால் 1957-இல் அந்த இடம் போனது. அந்த வருடமே பழக்கத்தை விட்டு எழுந்தார், அந்த வருடமே தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையோடு நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் என்ற இடத்தில் மாதக்கணக்கில் இரவிரவாக வாசித்தார். மற்ற இசைக்கலைஞர்களே தேடிவந்து கேட்டார்கள். எழுந்து வந்தவர் விட்ட நேரத்தையெல்லாம் பிடிக்கப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது பத்தே வருடம். வீட்டில் இருந்தாலும் சாதகம், கச்சேரிக்கு நடுவே இடைவேளை விட்டாலும் சாதகம்.

1960-இல் சொந்தக் குழு அமைத்தார். கொஞ்ச நாளில் அதில் நிலைத்தவர்கள் பியானோவில் மெக்காய் டைனர், பேஸ் என்ற கனத்த சுருதி நரம்பு வாத்தியத்தில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். கோல்ட்ரேன் மேடை ஏறினால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்று ஒரு நாடகப் பாட்டு, குழந்தைகளும் பாடக்கூடிய எளிய மெட்டு. 1960-இல் ஸ்டுடியோவில் கோல்ட்ரேன் அதை வாசித்தபோது பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1963-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பதினேழு நிமிடம் ஆனது. 1966 ஜூலையில் டோக்கியோவில் வாசித்தபோது 57 நிமிடம்! அதில் தொடக்கத்தில் கேரிசன் தனியாக பேஸ் வாசிப்பதே கால் மணி நேரத்துக்குக் கிட்டப் போகும். அதற்குப் பிறகுதான் மெட்டு எட்டிப் பார்க்கும்.

நீளம்தானே, அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நீளத்துக்காக யாரும் ரசிகர் ஆவதில்லை. நேற்று வாசித்ததை இன்று அவர் வாசிப்பதில்லை, அதுதான் விஷயம். ஒரு சின்னத் துணுக்கு, நான்கைந்து ஸ்வரம்தான் இருக்கும், அதை எடுத்து மேலே ஏற்றிப் பார்ப்பார், கீழே இறக்கிப் பார்ப்பார், தலைகீழாகப் போட்டுப் பார்ப்பார், வேறு இடத்தில் தொடங்கிப் பார்ப்பார், தேடுவது கிடைக்கும்வரை விடமாட்டார், கிடைத்த பிறகும் விடமாட்டார். கேட்கிறவனுக்குத் தானும் கூடவே தேடுகிற உணர்வு வந்துவிடும். அது வந்தவர்கள்தான் மறுநாளும் போய் நின்றார்கள்.

வில்லேஜ் வேன்கார்ட் என்று நியூயார்க்கில் ஒரு இடம். படி இறங்கிப் போகவேண்டிய நிலவறை, சுமார் 120 பேர் உட்காரலாம், 1935 முதல் நடக்கிறது. 1961 நவம்பர் தொடக்கத்தில் கோல்ட்ரேன் அங்கே வாசித்தபோது ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் கருவிகளைக் கொண்டுவந்து நான்கு இரவுகள் பதிவு செய்தார். நவம்பர் 2-ஆம் தேதி ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையில் ஒன்றை எடுத்தார்கள். பியானோ ஒதுங்கிக்கொண்டது, சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் மூன்றே பேர். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளப் பகுதி, கொண்ட ஒரு சுற்று, நம் கணக்கில் ஒரு ஆவர்த்தனம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அதைத் திரும்பத் திரும்ப 80 சுற்றுக்கு மேல், பதினாறு நிமிடம், நடுவில் ஓய்வே இல்லாமல் வாசித்துத் தள்ளினார். வாசிக்கும்போது ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை அவர். டெனார் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக, ஒலிப்பதிவாளர் மைக்கோடு பின்னாலேயே துரத்த வேண்டியதாயிற்று. அதனால்தான் அந்த உருப்படிக்கு ‘சேஸின் த ட்ரேன்’ என்று பெயர் விழுந்தது. ட்ரேன் என்பது ரசிகர்கள் அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர். ஹெட்போன் போட்டுக் கேட்டுப்பாருங்கள், ரீடு, அதாவது நம் நாதஸ்வரச் சீவாளி மாதிரி வாயில் வைக்கிற பகுதி, கீச்சிடுவது, ஒரு ஸ்வரம் உடைந்து இரண்டாகப் பிளப்பது எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். ஸ்டுடியோவில் அதையெல்லாம் திருத்திவிடுவார்கள். இங்கே அப்படியே இருக்கிறது, அது இருப்பதால்தான் எனக்கு அந்தப் பதிவு பிடிக்கிறது.

அந்தச் சமயத்தில் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. அதே 1961 நவம்பரில் ‘டவுன் பீட்’ பத்திரிகையில் ஜான் டைனன் என்ற விமர்சகர், இது ஜாஸுக்கே எதிரானது என்று எழுதினார். கோல்ட்ரேன் சண்டைக்குப் போகவில்லை. மறு வருடம் அதே பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், பிரபஞ்சத்தில் தான் அறிந்த, உணர்ந்த அற்புதங்களைக் கேட்பவர்களுக்குப் படம் பிடித்துக் காட்டுவதே இசைக்கலைஞனின் முக்கியமான ஆசை என்ற பொருளில் சொன்னார். விமர்சகர் எழுதியது எழுதியபடி இருக்க, ரசிகர்கள் படி இறங்கி வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

நம் ஊரில் இந்த இசையைப் போட்டால் யார் கேட்பார்கள் என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. எனக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. உடுக்கை அடித்துக்கொண்டு அண்ணன்மார் கதை பாடினால் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிற ஊர் இது. பொன்னரும் சங்கரும் எப்படி மடிவார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தும் யாரும் எழுந்து போகமாட்டார்கள், இன்றைக்குப் பாடுகிறவர் அந்த இடத்தை எப்படிக் கொண்டுபோகிறார் என்று பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காது இருந்தால் போதும்.

கோவையில் நாங்கள் சில நண்பர்கள் அவ்வப்போது கூடி ஜாஸ் கேட்பது வழக்கம். ஃபவுண்டரி வைத்திருக்கிறவர் வருவார், திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர் வருவார், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை அவிநாசிப் பக்கத்துத் தவில்காரர் ஒருவரை அழைத்துவந்தார்கள். சாக்ஸபோனைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்வின் ஜோன்ஸையே கேட்டுக்கொண்டிருந்தார், தொடையில் விரல் மட்டும் ஓடியது. கடைசியில், “ஏனுங்க, ஒரு கை சதுஸ்ரத்துல போகுது, இன்னொரு கை திஸ்ரம் போடுது, ரெண்டும் ஒருத்தர்தானுங்களா?” என்றார். சதுஸ்ரம் நான்கின் கணக்கு, திஸ்ரம் மூன்றின் கணக்கு. ஒருவர்தான் என்றோம். “அப்ப அந்தக் குழல்காரரு இத்தனை நேரம் நிக்கறதுக்கு இவருதானுங்க காரணம்” என்றார். கோல்ட்ரேன் குழுவைப் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட அந்த ஒரு வரி சரியாகச் சொல்லிவிட்டது.

அந்த இரவுகள் நம் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தன? கொஞ்சம்தான் கம்பெனிகள் வெளியிட்டவை. மீதியெல்லாம் யாரோ ஒருவருக்கு இருந்த பிரியத்தால் பிழைத்தவை. 1965 வசந்தத்தில் நியூயார்க்கில் ஹாஃப் நோட் என்ற இடத்திலிருந்து கோல்ட்ரேன் வாசிப்பதை ஒரு எஃப்.எம். நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த ரசிகர்கள், அதைப் பிரதி எடுத்து, பிரதியின் பிரதி எடுத்து, நாற்பது வருடம் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். முறையான வெளியீடு 2005-இல்தான் வந்தது. அதில் ‘ஒன் டவுன், ஒன் அப்’ என்ற உருப்படி 27 நிமிடத்துக்கு மேல், பாதிக்கு மேல் கோல்ட்ரேனும் எல்வின் ஜோன்ஸும் இரண்டே பேர் மோதிக்கொள்வது. வானொலி நேரம் முடிந்துவிட்டதால் வேறொரு உருப்படி பாதியிலேயே மங்கிப்போகும், அறிவிப்பாளர் விடைபெறுவார், பின்னால் சாக்ஸபோன் இன்னும் போய்க்கொண்டே இருக்கும். வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது, அந்த அறிவிப்பாளர் நிலைமையை நினைத்து மனசு பதைக்கிறது எனக்கு.

அதே 2005-இல்தான் மங்கோடு 1957-இல் கார்னகி ஹாலில் வாசித்த கச்சேரியும் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 48 வருடம் பெட்டிக்குள் கிடந்த நாடா. 1961-இல் வில்லேஜ் கேட் என்ற இடத்தில் ஒரே ஒரு மைக்கை வைத்து ஒலி அமைப்பைச் சோதிப்பதற்காகப் பிடித்த நாடா, நியூயார்க் பொது நூலகத்தில் இருந்து 2023-இல் வெளிவந்தது. எனக்கு மிகவும் நெருக்கமானது சியாட்டில் நாடா. ‘எ லவ் சுப்ரீம்’ என்பது கோல்ட்ரேன் கடவுளுக்குச் செய்த காணிக்கை, ஸ்டுடியோவில் 33 நிமிடம். அதை முழுசாக அவர் மேடையில் வாசித்த பதிவு ரொம்ப காலம் ஒன்றே ஒன்றுதான், பிரான்சில் ஆண்டீப் விழாவில் 1965 ஜூலையில் வாசித்தது. ஆனால் அந்த அக்டோபரில் சியாட்டிலில் ஒரு சின்ன கிளப்பில் 75 நிமிடம் வாசித்திருக்கிறார், அதை ஜோ பிரேசில் என்ற உள்ளூர் இசைக்கலைஞர் பதிவு செய்து தன்னிடமே வைத்திருந்திருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு, 2021-இல்தான் நாம் கேட்க முடிந்தது. 56 வருடம்!

1966 முதலான வாசிப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. டைனரும் ஜோன்ஸும் விலகிவிட்டார்கள், கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் பியானோவுக்கு வந்தார், தாளம் கட்டுக்குள் நிற்காமல் அலைபோல் வரும். பழைய ரசிகர்கள் சிலர் அப்போது கைவிட்டார்கள். எனக்கும் 1961 முதல் 65 வரையிலான இரவுகள்தான் மனதுக்குப் பிடித்தவை. ஆனாலும் டோக்கியோவின் அந்த 57 நிமிடத்தை ஒருமுறையாவது முழுசாகக் கேட்டுவிடுங்கள், பாதியில் நிறுத்தினால் அதில் ஒன்றும் கிடைக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கே போகவேண்டாம். முதலில் 1963-இல் நியூயார்க்கில் பர்ட்லேண்ட் என்ற கிளப்பில் வாசித்த ‘ஆஃப்ரோ ப்ளூ’. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், டைனரின் பியானோ முடிந்து கோல்ட்ரேன் உள்ளே நுழையும் இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அப்புறம் நியூபோர்ட், அப்புறம் வேன்கார்ட் நிலவறை. அதில் ‘இந்தியா’ என்றே ஒரு உருப்படி உண்டு. சிதார் கலைஞர் ரவி சங்கர் மேல் அத்தனை மதிப்பு கோல்ட்ரேனுக்கு, 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இப்போது சாக்ஸபோன் கலைஞர்தான். இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, சியாட்டில் பதிவுக்கு ஒரு இரவு முழுசாக ஒதுக்குங்கள். ஃபோனில் வேண்டாம், நல்ல ஸ்பீக்கர் இருக்கிற வீட்டுக்குப் போய், இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், இத்தனை நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்ங்க.