இருபதாயிரம் முறை எறிந்த பையன்

விழாத் தலைவர் அவர்களே, மாலை நேரத்திலும் கூடத்தைத் திறந்து தந்திருக்கும் நூலகர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஜப்பானியப் படக்கதையான மாங்கா என்றதும் ஓடிவந்த மாணவச் செல்வங்களே, அவர்களை அழைத்து வந்த பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தொடர் மாங்காவில் நாயகன் எப்படி வளர்கிறான்? வயது, உருவம், மனம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஔவை வாக்கு ஒன்று: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

முதலில் வயது. 1994இல் தொடங்கிய 'டிடெக்டிவ் கோனன்' நூறு தொகுதிகளைத் தாண்டியும் கோனன் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கிறான். 'நருட்டோ'வை வரைந்த கிஷிமோட்டோ கதையில் ஒரே தாவலில் இரண்டரை ஆண்டுகளைக் கடந்தார். 'ஒன் பீஸ்' வரையும் ஓடா 17 வயது நாயகன் லூஃபியை 19க்குக் கொண்டுவந்தார். அடுத்தது உருவம். இப்படிக் காலம் தாவினால் உயரம் கூடும், புது வித்தை வரும். ஆனால் பாடுபட்டது பெரும்பாலும் வாசகன் கண்ணில் படாது. வலிமையையே முதிர்ச்சி என்று எண்ணிவிடுவோம். நாயகன் பலசாலியானால் எதிரி அவனைவிடப் பலசாலியாக வேண்டும். அப்புறம் அந்த ஏணிக்கு முடிவே இல்லை.

மனத்துக்கு வருகிறேன். இனோவே டகேஹிகோவின் 'ஸ்லாம் டங்க்' 1990 முதல் 1996 வரை வந்தது, 31 தொகுதிகள். ஆறு ஆண்டு ஓடிய தொடருக்குள் கழிவது ஏறத்தாழ நான்கே மாதம். செந்தலை சகுராகி, அடிதடிக்குப் பேர்போனவன், ஹருகோ என்ற பெண்ணுக்காகக் கூடைப்பந்து அணியில் சேருகிறான். கிடைப்பதோ ஓரமாக நின்று பந்தைத் தட்டும் வேலை. கோபித்துக்கொண்டு போகிறான், திரும்பி வருகிறான். பிறகு கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் லே-அப். பிறகு எதிராளியை முதுகால் தடுத்து, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட். தேசியப் போட்டிக்கு முன் பயிற்சியாளர் அன்ஸாய் 20,000 ஷாட் எறிய வைக்கிறார். தன்னை மேதை என்று பீற்றிக்கொண்டவன், வீடியோவில் தன் எறியின் கோணலைக் கண்டு வாயடைத்துப் போகிறான். முதிர்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. சித்திரமும் கைப்பழக்கம்!

இனி சான்னோ பள்ளியுடனான ஆட்டத்தின் கடைசி நொடிகள். சகுராகியின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. சகுராகிக்கு முதுகில் அடி. பந்து ருகாவாவிடம், அதே அணிதான், ஆனால் முதல் நாளிலிருந்தே ஆகாதவன். பக்கம் பக்கமாகப் பேச்சே இல்லை. சகுராகியின் வாயில் முணுமுணுப்பு மட்டும்: இடது கை சும்மா தாங்கத்தான். ருகாவா பந்தைத் தருகிறான். இவன் எறிகிறான். 79-78. இருவரும் நடந்து வந்து உள்ளங்கைகளை ஓங்கி அறைந்துகொள்கிறார்கள். செய்தது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எத்தனை வசனம் எழுதியிருக்கலாம் அங்கே! ஒரு சொல் கிடையாது.

அந்த உள்ளங்கை அறை நம் நெஞ்சில் விழ வேண்டுமானால், ஓரமாகப் பந்து தட்டிய தொகுதியைப் படித்திருக்க வேண்டும். நூலகர் அவர்களிடம் நான் கேட்க வந்தது இதுதான். முதல் மூன்று, நடுவில் இரண்டு என்று வாங்க வேண்டாம். 31 என்றால் 31ம் வேண்டும். 72 தொகுதி 'நருட்டோ'வுக்கு நிதி போதாதென்றால், முழுதாக வாங்க முடிகிற தொடரை எடுங்கள். நூல்களின் முதுகில் எண் ஒட்டுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று அலமாரியில் ஓர் அட்டை வையுங்கள். ஒரு தொகுதி தொலைந்தால், புதுத் தொடர் வாங்குமுன் அதை வாங்குங்கள். பதிப்பாளர்களும் மனம் வைக்க வேண்டும்: செந்தமிழும் நாப்பழக்கம் அல்லவா, சகுராகி தமிழில் பீற்றிக்கொள்ளட்டும்.

இந்தக் கோரிக்கைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு, எந்தத் தொடர் வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.