பளிச்சென்ற வானத்தில் ஒரு குலுக்கல்

வணக்கம். விமானம் குலுங்கினால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேகத்துக்குள் போகிறது போல என்று நமக்கு நாமே தைரியம் சொல்லிக்கொள்வோம். மேகமே இல்லாத இடத்தில் குலுங்கினால்?

1966 மார்ச் 5. டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பியது பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 911ஆம் எண் விமானம், ஒரு போயிங் 707. துடைத்து வைத்த மாதிரி வானம். ஃபுஜி மலை அத்தனை தெளிவாகத் தெரிய, பயணி ஒருவர் 8 எம்எம் கேமராவில் வெளியே படம் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று மலையுச்சியில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஆற்றில் பாறை இருந்தால் அதைத் தாண்டியதும் தண்ணீர் சுழித்துப் புரளும் இல்லையா, காற்றும் அப்படித்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. விமானம் வானத்திலேயே உடைந்து விழுந்தது. இருந்த 124 பேரும் இறந்துபோனார்கள். சிதைவுகளுக்கு நடுவே அந்த கேமரா கிடைத்தது. மலை, ஏரி என்று ஓடிக்கொண்டே வருகிற படம் திடீரென்று இரண்டு ஃப்ரேம் தாவுகிறது, அப்புறம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. தேடப் போன அமெரிக்கக் கடற்படை விமானமும் அதே காற்றில் மாட்டியது. குலுக்கலின் விசை புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு வரை போனதாக அதன் கருவி காட்டியது. அது தப்பித்தது.

மலை இல்லாத இடத்திலும் இது வரும். மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்று காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, அதன் கரையோரம் வேகம் சட்டென்று மாறுகிற இடத்தில்தான் ஆபத்து. விமானத்தின் ரேடார் மழைத்துளியைத்தான் பார்க்கும், வெறும் காற்றைப் பார்க்காது. அதனால் முன்னால் போன விமானி ரேடியோவில் சொல்வதையும் வானிலைக் கணிப்பையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 1997 டிசம்பரில் பசிபிக் மேலே ஒரு 747 இப்படிக் குலுங்கி, பெல்ட் போடாதிருந்த ஒரு பெண் இறந்தார். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வின்படி, வட அட்லாண்டிக் மேலே இப்படி மேகமில்லாத வானத்தில் வரும் கடுமையான காற்றுக் கொந்தளிப்பு 1979க்கும் 2020க்கும் இடையே 55 சதவீதம் கூடியிருக்கிறது. புவி சூடாவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பெல்ட் விளக்கு அணைந்ததும் வரிசை வரிசையாக டக் டக் என்று கழற்றுகிற சத்தம் கேட்கும், எனக்கு அதுதான் பயம். தயவுசெய்து கழற்றாதீர்கள், தளர்வாகவாவது இடுப்பில் கிடக்கட்டும். தூங்கப் போனால் போர்வைக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள், பணிப்பெண் உங்களை எழுப்பாமலே பார்த்துவிட்டுப் போவார்.