வருகைப் பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

(மும்பை தாராவியில், பி.எட். படிக்கும் தமிழ் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புப் பிள்ளைகளே, வணக்கம்.

எல்லாப் பண்பாட்டுக்கும் இடமுள்ள வகுப்பறை பற்றிப் பேசச் சொன்னார்கள். பொங்கலுக்குக் கோலம், மராத்திப் புத்தாண்டான குடி பாட்வாவுக்கு ஒரு சார்ட், ஈத் பெருநாளுக்கு ஷீர் குர்மா என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். செய்யுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது வருஷத்தில் நாலு நாள் சங்கதி. மற்ற நாளெல்லாம் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறப்பீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்த ஊரில் பெயர் என்றால் பிள்ளை பெயர், அப்பா பெயர், கடைசியில் ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர். 2014 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அம்மா பெயரும் சேர வேண்டும் என்று 2024-இல் மாநில அரசு முடிவெடுத்தது. நல்ல காரியம். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்நாவ் ஏது? "ஆட்நாவ் காய்?" என்று டீச்சர் கேட்டால் முழிக்கும். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே! தாத்தா பெயரோ ஊர்ப் பெயரோ ஏறிவிடும். பிறகு ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று குடும்பமே அலையும்.

அலைச்சலாவது போகட்டும். மகாராஷ்டிரத்தில் ஆட்நாவைச் சொன்னால் பெரும்பாலும் சாதி தெரிந்துவிடும். நம்மில் பல குடும்பங்களுக்குப் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்தவர்களையும் 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதைக் கைவிடச் சொன்னது. ஆக, அந்தக் காலிக் கட்டத்தைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. நாற்பது பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். சேர்க்கைப் படிவத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். பிள்ளையை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்பா என்ன வேலை என்பதும் அப்படித்தான், வகுப்பு நடுவே கேட்கிற கேள்வி இல்லை.

மராத்தி டீச்சரை மட்டும் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டுவிட மாட்டேன். நமக்கு ஆட்நாவ்கூடத் தேவையில்லை. "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" இரண்டே கேள்வி, முடிந்தது! அன்பாக விசாரிப்பதுபோலத்தான் இருக்கும். (சிரிக்கிறீர்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள்.) 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு கூடாது, அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக்கான அறிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். தாராவித் தமிழர்களில் நிறைய பேருக்கு லீவு விட்டால் திருநெல்வேலிதானே? போய்வந்த பையன் மணிக்கட்டில் புதுசாக ஒரு கலர் கயிறு இருந்தால் அது என்ன சொல்கிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

நவம்பர் 7-ஐ இங்கே மாணவர் நாளாகக் கொண்டாடுகிறோம். 1900-இல் அம்பேத்கர் சாத்தாரா பள்ளியில் சேர்ந்த நாள். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்த பிள்ளை அவர். தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது, ப்யூன்தான் ஊற்ற வேண்டும்; ப்யூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அன்றைக்குப் பேச்சுப் போட்டி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு உங்கள் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார மாட்டேன் என்கிறார்கள், யார் பாட்டிலில் யார் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்றும் ஒரு கண் பாருங்கள்.

உங்கள் இரண்டு வருஷ பி.எட்.டில் இருபது வாரம் களத்துக்கு உண்டு, அதில் பதினாறு வாரம் பள்ளி இன்டர்ன்ஷிப். லெசன் பிளானில் நோக்கம் எழுதுகிறீர்கள், துணைக்கருவி எழுதுகிறீர்கள், மதிப்பீடு எழுதுகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று எழுத ஒரு வரி கிடையாது. முதல் பாடம் எடுக்கும் முன் பள்ளியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர் வீட்டுப் பிள்ளை சூளை எரிவதைப் பார்த்தே வளர்கிறது. பழைய பொருள் வாங்கிப் பிரிக்கும் 13 காம்பவுண்டில் அப்பாவின் பழைய பிளாஸ்டிக் கடையில் உட்காரும் பையன் கிலோவையும் விலையையும் மனக்கணக்காகவே பெருக்குவான். அதே பையன் கணக்கு நோட்டில் சைபர் வாங்கினால் நாம் அவனை மக்கு என்கிறோம். எனக்கு இதில் கோபமே வரும்.

அவனுக்குத் தடை பெரும்பாலும் மொழிதான். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் நிறைய பேர் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறார்கள். பெற்றோர் ஆசை, அதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் எல்லா மொழியும் கற்க வேண்டாம். யோசிப்பதைத் தமிழிலோ உருதுவிலோ இரண்டு பேராகப் பேசிக்கொள்ளட்டும், பிறகு இங்கிலீஷில் எழுதட்டும். ஐந்து நிமிஷம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து "என்ன இது சந்தையா?" என்று கேட்பார். பயப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 29-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: கற்பிக்கும் மொழி, இயன்றவரை, பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும். "இயன்றவரை" என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாடுவார். ஐந்து நிமிஷம் இயலும் மேடம் என்று சொல்லுங்கள். பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டீர்களா? சரி, இனி நீங்கள் கேளுங்கள்.