மத்தளக்காரர் எங்கே நிற்கிறார்?

வணக்கம் நேயர்களே.

போன மாதம் வீட்டில் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடியது. கடல் ஊருக்குள் வருகிறது, ஒரு தாய் பிள்ளையைக் கைதவற விடுகிறாள், வயலின் உயர்கிறது. எல்லோரும் கண்ணைத் துடைத்தோம். 2004 சுனாமியில் மட்டக்களப்பு நாவலடியில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த பெரியம்மா மட்டும் அழவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டார். பிறகு கேட்டபோது, "அண்டைக்கு ஒரு பாட்டும் கேட்கல்ல மகன்" என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை.

சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தைக் காட்டும் படத்துண்டோடு ஒரு தடவை சூப் கோப்பையைக் காட்டும் துண்டை ஒட்டினார், இன்னொரு தடவை சவப்பெட்டியைக் காட்டும் துண்டை. பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். முகம் ஒன்றேதான். துக்கம் பார்த்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனது. யுத்தமும் சுனாமியும் கண்ட மட்டக்களப்பில் நாம் கொண்டுபோவது கொஞ்சமல்ல.

கூத்திலும் நாம் அழுதிருக்கிறோம். நம் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் சாவு வரும் கட்டத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட அம்மாமாரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் கூத்தாடும் வட்டக்களரியில், கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு கண்முன்னே நிற்கிறார். தாளம் போடும் சல்லரி தெரியும், பிற்பாட்டுக்காரர் தெரியும், கதையும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டே அழுகிறோம். படத்தில் மத்தளக்காரர் மறைந்திருக்கிறார். வசனம் முடியுமுன்பே இசை வந்து, இனி அழு என்று சொல்லிவிடுகிறது. கூடவே அழுகிற ஒரு முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

அழவைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. அழுகைக்குத் தொல்காப்பியம் நான்கு காரணங்கள் சொல்கிறது: பிறர் இகழும் இளிவு, இழந்துபோகும் இழவு, முன்னைய நிலை கெட்டு வருந்தும் அசைவு, வறுமை. நான்கும் ஒரு மனிதருக்கு நேர்பவை. அந்த மனிதரோடு படம் கூடவே இருந்தால், சரி, தாராளமாக அழலாம்.

எனக்குப் பயம் தருவது வேறு. கண்ணீர் காயுமுன் ஒரு கூட்டத்தைக் காட்டி, இவர்கள்தான் காரணம் என்று சொல்லும் படங்கள். அழுதுகொண்டிருக்கிற மனசு அந்த நேரத்தில் கேள்வி கேட்காது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் நம் ஊர்களில், அந்த ஆத்திரம் படம் முடிந்த பிறகும் நம்மோடு வீட்டுக்கு வரும். இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன்.

ஒரு வேலை செய்து பாருங்கள். அழவைத்த காட்சியைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் கடல் காட்சியை நான் அப்படித்தான் திரும்பப் பார்த்தேன். தாய் ஓடுகிறாள், விழுகிறாள், அலை வருகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் படம் ஒரு தடவைகூடக் காட்டவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.