95 சதவீதம் என்றால் என்ன? தடுப்பூசிக் கணக்கு

(திரையில்: 95%)

தடுப்பூசியின் செயல்திறன் 95 சதவீதம். அப்படியானால் போட்டுக்கொண்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வருமா? வராது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

2020-ல் ஃபைசர்-பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசியைச் சுமார் 43,000 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். தனக்குப் போட்டது எது என்று அவர்களுக்கே தெரியாது.

(திரையில்: உப்புநீர் 162, தடுப்பூசி 8)

உப்புநீர்க் குழுவில் 162 பேருக்கு நோய், தடுப்பூசிக் குழுவில் 8 பேருக்கு. 8-ஐ 162-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.05. அதாவது, ஊசி இல்லாவிட்டால் 100 பேருக்கு வந்திருக்கும் என்ற இடத்தில் 5 பேருக்குத்தான் வந்தது. உப்புநீர்க் குழுவிலேயே நூற்றுக்கு ஒருவர்கூட நோயில் விழவில்லை என்பதையும் பாருங்கள்.

இந்த 170 பேரை எப்படி எண்ணினார்கள்? அறிகுறி இருக்க வேண்டும், பிசிஆர் பாசிட்டிவ் வர வேண்டும், இரண்டாம் டோஸ் போட்டு 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அறிகுறியே இல்லாமல் தொற்று வந்துபோனவர் இதில் சேரமாட்டார். ஆகவே 'தொற்றே ஒட்டாது' என்று இந்த எண் எங்கும் சொல்லவில்லை. இரண்டு டோஸுக்கு நடுவிலோ உப்புநீர்க் குழுவில் 82 பேர், தடுப்பூசிக் குழுவில் 39 பேர். பாதிப் பாதுகாப்புதான்! 'ஊசி போட்ட மறுவாரமே கொரோனா' என்ற புகாருக்கு விடை இங்கே இருக்கிறது: முதல் டோஸுக்குப் பின் சுமார் 12 நாள் வரை, நோய் வந்தவர் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் இரு குழுவின் கோடுகளும் ஒட்டியேதான் போயின.

அடுத்த கேள்வி இன்னும் சூடானது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்களாமே?

(திரையில்: 1,000 பேர்)

கணக்குக்காக 1,000 பேரை வைத்துக்கொள்வோம். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 10 சதவீதம், அதாவது 10 பேர் அட்மிட் ஆகிறார்கள். ஊசி 80 சதவீதம் காக்கிறது என்றால் போட்டவர்களில் 2 சதவீதம், 18 பேர். மொத்தம் 28 படுக்கை, அதில் 18 போட்டவர்கள். செய்தித் தலைப்புக்குத் தீனி தயார்! ஊசியே இல்லாதிருந்தால் 100 படுக்கை வேண்டும். அதைத் தலைப்பில் யாரும் போடுவதில்லை.

அந்த 95 சதவீதம் நிலையாகவும் நிற்காது. மாதங்கள் போகப் போக ரத்தத்தில் வைரஸைப் பிடித்து மடக்கும் புரதமான ஆன்டிபாடி குறையும், வைரஸும் உருமாறும். 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்தபோது அறிகுறித் தொற்றைத் தடுக்கும் திறன் மளமளவென்று இறங்கியது. தீவிர நோயைத் தடுக்கும் திறன் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆன்டிபாடியை ஏமாற்றிய உருமாற்றங்கள், தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளையணுக்களான டி செல்களை அவ்வளவாக ஏமாற்றவில்லை.