ஒரு ஜெராக்ஸ் கடையும் மூன்று பதிப்பகங்களும்

எல்லோருக்கும் வணக்கம். நூலகத்தில் வேலை பார்ப்பவர்களும் அங்கே வந்து படிக்கிற மாணவர்களும் இங்கே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் இரு தரப்புக்கும் நடுவே அடிக்கடி எழும் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். நூலகப் புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்தால் அது திருட்டா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. டெல்லிப் பல்கலைக்கழகமே உரிமம் கொடுத்து வைத்த கடை. அப்போது பக்கத்துக்கு 40 பைசா. பாடத்திட்டத்தில் குறிப்பிட்ட பகுதிகளை நூலகப் புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாகச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. அக்டோபரில் இடைக்காலத் தடையும் வந்துவிட்டது.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகத் திரண்டு தாங்களும் வழக்கில் சேர்ந்தார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதி, வழக்கைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய நூல்களை வெளியிடுகிறவர்களிடமே அவர் இப்படிக் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது மீறல் ஆகாது என்கிறது. ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு வகுப்பறை, அதோடு முடிந்தது என்று பதிப்பகங்கள் வாதாடின. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா அதை ஏற்காமல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் அவர் தம் சட்டப் படிப்புக் காலத்தையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது ஜெராக்ஸ் வசதி குறைவு, செலவும் அதிகம். மாணவர்கள் முறை வைத்து நூலகத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்திருக்கிறார்கள். கை செய்த வேலையை இயந்திரம் செய்ததும் அது எப்படிக் குற்றமாகும்?

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் இன்னும் கவனமாக நடந்தார்கள். இத்தனை சதவீதம் வரை எடுக்கலாம் என்று அவர்கள் கோடு போடவில்லை. பாடத்துக்கு அது தேவையா என்பதே அளவுகோல் என்றார்கள். ஒரு பாடத்துக்கான முப்பது, நாற்பது நூல்களையும் விலைக்கு வாங்கக்கூடியவர் அல்ல மாணவர் என்பதையும் சொன்னார்கள். தொகுப்பில் இருந்தவை பாடத்துக்குத் தேவையானவைதானா, முழுப் புத்தகங்களை நகலெடுப்பது செல்லுமா என்பதை மட்டும் விசாரிக்க, வழக்கை முதலில் விசாரித்த நீதிபதியிடம் திருப்பி அனுப்பினார்கள். அந்த விசாரணைக்குப் பதிப்பகங்கள் நிற்கவில்லை. 2017 மார்ச்சில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

சரி, அப்படியென்றால் எதையும் எடுக்கலாமா? கூடாது. கடையில் கிடைக்கிற பாடநூலை அட்டையிலிருந்து அட்டை வரை நகலெடுத்து விற்பதை இந்தத் தீர்ப்பைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. எழுதியவரின் உழைப்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்புக்கு வேண்டிய ஓர் அத்தியாயத்தோடு நிற்கிற மாணவியைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அன்று எனக்குச் சட்டம் தெரியாது.

நூலகர்களுக்கென்றும் அதே பிரிவில் இடம் உண்டு. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக 3 பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். நூலகத்தில் உள்ள அச்சுப் புத்தகத்தைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கவும் 2012 திருத்தம் வழி செய்தது.

அப்புறம் ஒன்று. இப்போது நாம் வாங்கும் மின்னூல்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தின்பேரில் வருகின்றன. எத்தனை பக்கம் அச்செடுக்கலாம், யாருக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அதற்குள் பொடி எழுத்தில் இருக்கும். 52ஆவது பிரிவு தருவதை அந்த வரிகள் சத்தமில்லாமல் சுருக்கிவிடலாம். அடுத்த முறை சந்தா புதுப்பிக்கும் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பாடப் பயன்பாட்டுக்கு நகலெடுக்கும் உரிமை அதில் இல்லையென்றால், எழுதிச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.